அந்த இரண்டு பற்களை உடைத்தது யார்?

துப்பாக்கி வைத்திருப்பவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. கடையில் தோட்டா வாங்கவே மாட்டார்கள். வீட்டிலேயே தயாரித்துக்கொள்வார்கள். நம் பாட்டிமார்கள் கோடையில் வடாம் பிழிகிற மாதிரி... அவ்வளவு பக்தி, அவ்வளவு ஆசாரம்!

மிரளாதீர்கள். நான் சொல்வது அமெரிக்காவில் சட்டப்படி, பகிரங்கமாக நடக்கிற சமாசாரம். அதற்கென்றே கடைகள், கருவிகள், தடித்தடியான கையேடுகள் எல்லாம் அங்கே உண்டு. நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கினால் 1959-ம் வருடத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் கம்பி எண்ண வேண்டியதுதான். எனக்கு அந்த ஆபத்து இல்லை. இதுவரை நான் சுட்டதெல்லாம் பொருட்காட்சி பலூன். அதிலும் ஆறுக்கு இரண்டு.

பிறகு எதற்கு இந்தப் பேச்சு என்கிறீர்களா? இதற்குள் ஒரு பழைய தர்மசங்கடம் ஒளிந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பார்க்கலாமே என்றுதான்.

ஒரு ரைபிள் தோட்டாவில் நாலு பொருள் உண்டு. வெளியே பித்தளைக் கூடு. அதன் அடியில் பொட்டு மாதிரி பிரைமர்; ஊசி வந்து தட்டினால் நெருப்புப் பொறி தருவது அதுதான். உள்ளே வெடிமருந்து. உச்சியில் குண்டு. சுட்டவுடன் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். மிஞ்சுவது பித்தளைக் கூடு. நாலில் விலை கூடியது அதுதான். அதைத் தூக்கி எறிய மனசு வராதவர்கள்தான் நம் கதாநாயகர்கள். கூட்டைக் கழுவி, வெடிப்பின் அழுத்தத்தில் உப்பிப்போன உடம்பை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை உட்கார வைத்து... மறுபடியும் தோட்டா!

நம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கிக்காரர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டு, தேங்காய் நாரை அடைத்து, கோலால் கெட்டித்துச் சுட்டவர்களுக்கு ஒவ்வொரு வெடியுமே வீட்டுத் தயாரிப்புதானே.

அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் நண்பர் ஒருவர், தன் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி அடிக்கடி சொல்வார். வயது எழுபதுக்கு மேல். மனைவி இல்லை. அப்பா வழியில் வந்த ஒரு பழைய மவுசர் ரைபிள் வைத்திருக்கிறார். ஜெர்மானியர் பால் மவுசர் வடிவமைத்து, 1898-ல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட அமைப்பு. கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் பழைய கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளி மடக்கினால் புதுத் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளின் தத்துவம்தான். 100 வருடம் தாண்டியும் வேட்டைத் துப்பாக்கி செய்கிறவர்கள் இன்னும் அதைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள்.

பெரியவர் வருடத்துக்கு ஒரு மான் அடிப்பார். லைசென்ஸ் உண்டு, சீசன் உண்டு, கணக்கு உண்டு. அந்த ஒரு மானுக்கு முன்னும் பின்னும் அவர் படுகிற பாடு இருக்கிறதே... குழலைத் துடைப்பதென்றால் பின்பக்கத்திலிருந்துதான் கம்பியை விடுவார். முன்வாயிலிருந்து விட்டால், கம்பி உரசி உரசி வாய் விளிம்பு தேயும். விளிம்பு கொஞ்சம் கோணினால் குறியும் கோணும். துடைத்த பிறகு துப்பாக்கியைத் தலைகீழாகச் சாய்த்து வைப்பார். நேராக வைத்தால் எண்ணெய் மெள்ள இறங்கி மரக்கட்டையில் ஊறி, வருடக்கணக்கில் மரம் இற்றுப்போகுமாம். கட்டை வால்நட் மரம். அதற்கு ஆளிவிதை எண்ணெய். எப்படி? முதல் வாரம் தினம் ஒரு முறை, பிறகு ஒரு மாதம் வாரம் ஒரு முறை, பிறகு ஒரு வருடம் மாதம் ஒரு முறை, அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க வருடத்துக்கு ஒரு முறை. நம்மில் எத்தனை பேர் பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு ஒழுங்காக எண்ணெய் தேய்த்துவிட்டிருப்போம்!

அந்தக் காலத்துப் பிரைமர்களில் இன்னொரு தொல்லை. எரிந்த பிறகு குழலுக்குள் ஒருவித உப்பைப் படியவிட்டுவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் துரு பிடிக்க வைக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு கரையாது. அதனால் பழைய வேட்டைக்காரர்கள் கூடாரத்துக்குத் திரும்பியதும் முதல் காரியமாகக் கொதிக்கிற வெந்நீரைக் குழல் வழியே ஊற்றுவார்கள். பிறகுதான் எண்ணெய், பிறகுதான் சாப்பாடு, தூக்கம். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும்! ஒரு ராத்திரி 'காலையில் பார்த்துக்கலாம்' என்று படுத்தால், காலையில் குழலுக்குள் செம்மண் நிறத்தில் தெரியும்.

மருந்து நிறுப்பது இன்னும் நுட்பம். அவர்களுடைய கணக்கு 'கிரெய்ன்'. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். அதாவது ஒரு கிரெய்ன், நம் தட்டான் தராசில் போடுகிற குன்றிமணியில் கிட்டத்தட்டப் பாதி. அதிலும் பத்தில் ஒரு பாகம் வரை பார்ப்பார்கள். மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும் என்பது சட்டம் மாதிரி. எல்லா மருந்தும் பார்வைக்குக் கறுப்பு ரவை மாதிரி ஒன்றுபோலவே இருக்கும். கைத்துப்பாக்கி மருந்தை மறதியாக ரைபிள் கூட்டில் போட்டுவிட்டால், முதலில் காயப்படுவது சுடுகிறவன் முகம்.

ஒரு நாள் பெரியவர் 50 தோட்டா தயார் செய்து முடிக்கிறார். நடுவில் ஒரு போன் வந்தது. பேசிவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு சந்தேகம்: போன் வந்தபோது கையில் இருந்த கூட்டில் மருந்து போட்டோமா, இல்லையா? மருந்தே இல்லாத தோட்டாவைச் சுட்டால் பிரைமரின் சின்ன உந்துதலில் குண்டு குழலுக்குள் கொஞ்ச தூரம் போய் அடைத்துக்கொண்டு நிற்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கலாம். மனுஷன் 50-ஐயும் ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார். மருந்து இல்லாத கூடு ஒன்றுகூட இல்லை!

"இதெல்லாம் எதுக்கு சார், கடையில் வாங்கிட்டுப் போகலாமே?" என்று கேட்டிருக்கிறார் நண்பர்.

"கடைத் தோட்டா சொதப்பினால் கம்பெனியைத் திட்டலாம். இது சொதப்பினால் யாரைத் திட்டுவது? அதுக்காகத்தான்" என்றாராம் பெரியவர்.

நண்பர் இதைச் சொன்னபோது முதலில் எனக்கும் புல்லரித்தது. அப்புறம் சாவகாசமாக யோசித்தபோதுதான் உறுத்தியது. இவ்வளவு சிரத்தையும் எதற்காக? ஓர் உயிரைக் கொல்வதற்காக. ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்வது அறமா? ஒழுங்கான காரியத்தைச் செய்வது அறமா? கொலைக்கருவியைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்வதைப் பாராட்டுவதா, பயப்படுவதா?

'கொல்வதே பாவம். இதில் நன்றாகக் கொல்வது, மோசமாகக் கொல்வது என்று என்ன வித்தியாசம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வள்ளுவர் கொல்லாமைக்கென்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார். ஆனால், வித்தியாசம் உண்டு என்று சொல்ல 436 பேர் இருக்கிறார்கள். உயிரோடு இல்லை.

சம்பாவத் என்பது இமயமலை அடிவாரத்தில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கும் ஊர். 1907-ல் அந்தப் பக்கத்தையே ஒரு பெண்புலி நடுங்க வைத்துக்கொண்டிருந்தது. நேபாளத்தில் 200 பேரைத் தின்றுவிட்டு, அங்கிருந்து விரட்டப்பட்டு, குமாவோன் பக்கம் வந்து 236 பேரைத் தின்ற புலி. மொத்தம் 436. இந்தக் கணக்கை எழுதி வைத்தவர் அதைச் சுட்டுக் கொன்ற ஜிம் கார்பெட். விறகு பொறுக்கப் போன பெண்கள், புல் அறுக்கப் போன பெண்கள் என்று தினசரிப் பிழைப்புக்காகக் காட்டோரம் போன ஏழைகள்தான் அதற்குப் பலியானவர்களில் அதிகம்.

செத்த புலியை கார்பெட் சோதித்துப் பார்த்தார். வாயின் வலது பக்கத்தில் மேல் கோரைப்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்பு வரை போய்விட்டது. பழைய துப்பாக்கிக் காயம். அந்தப் பற்களை வைத்துக்கொண்டு தன் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்கள் பக்கம் திரும்பியது என்பது கார்பெட்டின் முடிவு.

யாரோ ஒருவன், என்றைக்கோ, எங்கேயோ சுட்டிருக்கிறான். குறி தவறியிருக்கிறது. புலி ரத்தம் சொட்ட ஓடியிருக்கிறது. அவன் அதைத் தேடிப் போனானா, தெரியாது. போயிருந்தால் கண்டுபிடிக்கவில்லை. ஒருவேளை துரு பிடித்த குழலாக இருக்கலாம். நமத்துப்போன மருந்தாக இருக்கலாம். அவசரமாக இருக்கலாம். வீட்டுக்குப் போய், 'கொஞ்சத்தில் தப்பிச்சுடுச்சு' என்று சாப்பாட்டு நேரத்தில் கதை சொல்லியிருப்பான். நன்றாகத் தூங்கியிருப்பான். அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 436 பேருடைய கொலைக்கு அவன் மேல் வழக்குப் போட உலகத்தில் எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

இதே சம்பாவத் கதையில் இன்னொரு துப்பாக்கியும் வருகிறது. புலியைக் கலைக்க உள்ளூர் தாசில்தார் கிட்டத்தட்ட 300 பேரைத் திரட்டுகிறார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைக் கொண்டுவந்தாலும் கண்டுகொள்ள மாட்டேன் என்று அவர் சொல்லிவிட, பரணில் கிடந்த பழைய ஆயுதமெல்லாம் வெளியே வருகிறது. கார்பெட்டிடம் இருந்தது மூன்றே தோட்டா. மூன்றும் தீர்ந்துவிட்டது. புலிக்கு அடிபட்டிருக்கிறது, ஆனால் விழவில்லை. கார்பெட் ஓடிப்போய் தாசில்தாரின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வருகிறார். இருபது அடி தூரத்தில், பாறை மேல் புலி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்க்கும்போதுதான் கவனிக்கிறார்: குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் எட்டில் மூன்று அங்குலம் இடைவெளி! வெடித்தால் பின்பக்கமாகச் சீறுகிற நெருப்பு கண்ணைப் பறிக்கலாம். வேறு வழியில்லை. சுட்டார். திறந்த வாய்க்குக் குறி வைத்த குண்டு பாதத்தில் போய் விழுந்தது. பிற்பாடு கார்பெட் அதை நகத்தாலேயே நோண்டி எடுத்தாராம். முன்னமே வாங்கிய அடியில் புலி சாகும் தறுவாயில் இருந்ததால் கார்பெட் பிழைத்தார்.

தாசில்தார் நல்ல மனிதர். உதவி செய்ய வந்தவர். புலி இருக்கிற காட்டுக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தைரியசாலி. என்ன பிரயோஜனம்? துப்பாக்கியின் கீல் எத்தனை வருடமாகத் தளர்ந்து கிடந்ததோ! நல்ல மனசு துருவை நீக்காது.

சரி, அப்படியானால் பெரியவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிடலாமா? சிரத்தையாக இருப்பது அறம், அலட்சியம் பாவம். முடிந்தது கதை. அவ்வளவு சுலபமாக முடித்துவிடலாம்தான். பெல் என்று ஒருத்தர் குறுக்கே வருகிறாரே!

வால்டர் பெல். 1880-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். உகாண்டாவின் கரமோஜா பகுதியில் சுற்றியதால் 'கரமோஜோ பெல்' என்று பட்டப்பெயர். தந்தத்துக்காக யானை வேட்டையாடியவர். மற்றவர்கள் பீரங்கி மாதிரி கனத்த ரைபிள்களைச் சுமந்து திரிந்தபோது, இவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மவுசரின் 7 மில்லிமீட்டர் தோட்டா. குண்டின் எடை 11 கிராம்தான். அஞ்சு டன் யானைக்கு 11 கிராம்! எப்படி முடிந்தது? செத்த யானையின் மண்டையை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் எந்த இடத்தில் அடித்தால் எட்டும் என்று ஒரு டாக்டர் மாதிரி படித்தார். கை நடுங்காமல் இருக்க ஓயாமல் பயிற்சி எடுத்தார். அவர் சுட்ட யானை பெரும்பாலும் தனக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல் மடிந்து உட்கார்ந்தது.

சுத்தமான வேலை. இப்படி அவர் கொன்ற யானைகள் 1,000-க்கும் மேல்.

சிரத்தைதான் அறம் என்றால், பெல்லை விட அறவான் யார்? அலட்சியக்காரன் கையில் இருந்திருந்தால் அந்த யானைகளில் பாதி தப்பித்திருக்கும் (காயத்தோடு, கோபத்தோடு, ஊருக்குள் புகுந்து... என்பதும் உண்மைதான்). பெல்லின் திறமை ஒவ்வொரு யானையின் வேதனையைக் குறைத்தது. யானைகளின் எண்ணிக்கையையும் குறைத்தது. இரண்டையும் செய்தது ஒரே கை. அந்தத் தந்தங்களெல்லாம் அந்தக் காலத்தில் என்ன ஆயின தெரியுமா? பியானோ கட்டையும் பில்லியர்ட்ஸ் பந்தும்.

யானைக்கு எறிந்து தவறிப்போன வேலைப் பெருமையாகப் பேசுகிற குறள் ஒன்று நமக்குத் தெரியும். அது படைச்செருக்கு, போர்க்களத்துச் சமாசாரம். காட்டில் மேய்கிற யானையின் காதில் அதைச் சொன்னால் அதற்கு இரண்டு பக்கமும் நஷ்டம்: தவறினாலும் வலி, தவறாவிட்டாலும் சாவு.

அரிஸ்டாட்டில் இந்த இடத்தில் ஒரு நுட்பமான கோடு போடுகிறார். கைத்திறன் வேறு, நற்குணம் வேறு என்கிறார். எப்படித் தெரியும்? தச்சன் வேண்டுமென்றே ஒரு நாற்காலியைக் கோணலாகச் செய்தால், தெரியாமல் கோணலாகச் செய்கிறவனை விட அவன் நல்ல தச்சன்தான். (நாற்காலி என் உபயம்.) ஆனால், வேண்டுமென்றே தப்பு செய்கிற மனிதன், தெரியாமல் தப்பு செய்கிறவனை விட நல்ல மனிதனா? இல்லையே. பெல்லிடம் இருந்தது முதல் வகை என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம். எனக்கு முழுத் திருப்தி இல்லை. பெரியவர் 50 தோட்டாவைப் பிரித்தாரே, அது வெறும் கைத்திறனா? ஆள் பார்க்காத அறையில், யாரும் கேட்காத கேள்விக்கு அவர் சொன்ன பதில் அல்லவா அது! அமெரிக்கக் காட்டியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் ஒன்றைக் கவனித்திருக்கிறார்: மற்ற ஆட்டங்களில் கைதட்டவும் கூச்சல் போடவும் கூட்டம் உண்டு. காட்டில் வேட்டைக்காரன் செய்வதைப் பார்க்க ஆளில்லை. அவன் மனசாட்சிதான் நடுவர்.

நம் ஊரில் இந்த விஷயத்தைப் பேச ஒரு பழைய ஆசாமி இருக்கிறார். தசரதன். இளவரசனாக இருந்தபோது அவருக்குச் சத்தத்தை வைத்தே குறி பார்த்து அடிக்கத் தெரியும். அதில் பெருமை. சரயு நதிக்கரையில், இருட்டில், 'குபுகுபு' என்று சத்தம். யானை தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்து அம்பு விடுகிறார். குறி தப்பவில்லை. அம்பிலும் குறையில்லை, வில்லிலும் குறையில்லை, கையிலும் குறையில்லை. விழுந்தது, கண் தெரியாத பெற்றோருக்குக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பிள்ளை.

பாருங்கள், சம்பாவத்தின் முகம் தெரியாத ஆளுக்குக் குறி தப்பியது. தசரதனுக்குக் குறி தப்பவில்லை. இரண்டும் போய் முடிந்த இடம் ஒன்று. ஒரே வித்தியாசம், தசரதன் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தார். அந்தப் பெற்றோரிடம் போய், 'நான்தான் செய்தேன்' என்றும் சொன்னார். சாபம் வாங்கிக்கொண்டார். அதனால்தான் அவருக்கு ஒரு கதை இருக்கிறது. இன்னொருத்தனுக்கு இல்லை.

சுட்டதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் எழுதாத சட்டங்களில் முதலாவது. ஆனால், எவ்வளவு தூரம் போய்ப் பார்ப்பது? மான் விழுந்த இடம் வரையா? அதற்கு அப்பாலும் ஒரு கதை உண்டு என்று கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள்.

கலிஃபோர்னியா காண்டார் என்று ஒரு பிணந்தின்னிக் கழுகு. வட அமெரிக்காவின் மிகப் பெரிய நிலப்பறவை. இறக்கையை விரித்தால் ஒன்பதடிக்கு மேல். 1982-ல் உலகத்திலேயே மொத்தம் 22 தான் மிஞ்சின. 1987-ல் மிச்சமிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்து, குஞ்சு பொரிக்க வைத்து, மறுபடியும் காட்டில் விட்டார்கள். விட்டால், பறவைகள் செத்துச் செத்து விழுந்தன. காரணம் ஈயம். வேட்டைக்காரர்கள் மானைச் சுட்டு, அங்கேயே வகுந்து, குடலையும் ஈரலையும் போட்டுவிட்டு இறைச்சியை எடுத்துப்போவார்கள். ஈயக்குண்டு உடம்புக்குள் போகும்போது கண்ணுக்குத் தெரியாத நூறு துணுக்குகளாகச் சிதறும். குடலைத் தின்ற கழுகின் ரத்தத்தில் ஈயம் ஏறும்.

நம் பெரியவர் மாதிரி ஆட்களை நினைத்துப் பாருங்கள். சந்தேகத்துக்காக 50 தோட்டாவைப் பிரித்தவர்கள். சுத்தமாக, ஒரே குண்டில், வலி தெரியாமல் மானைச் சாய்த்தவர்கள். தொப்பியைக் கழற்றி நின்றிருப்பார்கள். அவர்கள் முதுகைத் திருப்பிய பிறகு, அந்தக் குண்டு இன்னும் சுட்டுக்கொண்டே இருந்திருக்கிறது!

கலிஃபோர்னியா சட்டம் போட்டது. 2019 ஜூலை முதல், அந்த மாநிலத்தில் எந்த வேட்டைக்கும் ஈயக்குண்டு கூடாது. பக்கத்து அரிசோனாவில் வேறு வழி. அங்கே தடை போடவில்லை. 2005 முதல், காண்டார் பறக்கிற பகுதியில் மான் வேட்டைக்கு வருகிறவர்களுக்கு ஈயமில்லாத தோட்டாவை அரசே இலவசமாகக் கொடுத்து, விஷயத்தை விளக்கிச் சொல்லிக் கேட்டுக்கொண்டது. 'முடிந்தால் குடலையும் எடுத்துக்கொண்டு போங்கள்' என்றது. பெரும்பாலானவர்கள் கேட்டார்கள். எனக்கு இந்த அரிசோனா சங்கதிதான் அதிகம் பிடித்திருக்கிறது. அதற்காக, எல்லா ஊரிலும் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை.

பழைய துப்பாக்கிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். செம்பு ஈயத்தை விட லேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். நீளக் குண்டு பம்பரம் மாதிரி வேகமாகச் சுழன்றால்தான் தள்ளாடாமல் போகும். எங்கள் தாத்தா காலத்துக் குழலுக்கு இது ஒத்துவராது என்றார்கள். சில துப்பாக்கிகளுக்கு அது நிஜம். ஆனால் 7 மில்லிமீட்டர் மவுசருக்கு ஒரு விசேஷம். 1890-களிலேயே அதை நீண்ட குண்டுக்கென்று செய்தார்கள். குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகு வரி இறுக்கமானது. 220 மில்லிமீட்டருக்கு ஒரு முழுச் சுற்று. நீளமான செம்புக் குண்டை அது தாராளமாகச் சுழற்றும். பெரியவர் மாறிவிட்டார் என்றார் நண்பர். அறுபது வருடமாக எழுதி வைத்திருந்த மருந்துக் கணக்கையெல்லாம் மூடி வைத்துவிட்டு, ஒரு புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து!

கார்பெட்டுக்கு வருவோம். சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் லெஃப்டினென்ட் கவர்னர் ஹெவெட் அவருக்கு ஒரு ரிக்பி ரைபிள் பரிசளித்தார். கட்டையில் அந்த விவரம் பொறித்த வெள்ளித் தகடு. உள்ளே இருப்பது மவுசர் அமைப்பு. தோட்டா, பெயர்தான் வேறு, பெல் பெரும்பாலான யானைகளைச் சாய்த்த அதே தோட்டா. அதை வைத்துத்தான் 1926-ல், 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகை சிறுத்தையை கார்பெட் சுட்டார். பிற்காலத்தில் சினிமா கேமராவைத் தூக்கிக்கொண்டு புலிகள் பின்னால் அலைந்தவரும் அவர்தான். அந்த ரைபிள் இப்போது, அதைச் செய்த ரிக்பி நிறுவனத்திடமே பத்திரமாக இருக்கிறது. ஒரே தோட்டா, இரண்டு கை. தோட்டாவைக் கேட்டால் ஒன்றும் சொல்லாது.

'நல்ல கதை சார். நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?'

இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் நின்று, 'தோல் உரிச்சு, சின்னப் பீஸா போடுங்க' என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறோமே, அந்தத் திரும்புதலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பெரியவர் திரும்புவதில்லை, அவ்வளவுதான். நீங்கள் சுத்த சைவமாகவே இருங்கள். பால் குடிப்பீர்கள் அல்லவா?

நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் கோடிக்கணக்கில் இருந்தன. 1990-களில் மளமளவென்று செத்தன. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்விட்டது. யாரும் அவற்றைச் சுடவில்லை. காரணம் தெரிந்தது 2004-ல். டைக்ளோஃபினாக். மாட்டுக்கு வலி, காய்ச்சல் என்றால் போடுகிற சாதாரண ஊசி மருந்து. அந்த மாடு செத்து, அதைக் கழுகு தின்றால், சிறுநீரகம் பழுதாகிச் செத்துப்போகும். ஊசி போடச் சொன்னவர் யார்? நொண்டி நடக்கிற மாட்டைப் பார்த்து மனசு கேட்காத விவசாயி. அவர் செய்தது இரக்கம். அவர் வீட்டுத் தொழுவத்திலிருந்து அந்தக் கழுகின் சாவு எவ்வளவு தூரம்!

2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்குத் தடை இல்லை. எனவே மனிதர்களுக்கென்று விற்ற பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். கடைசியில் 2015-ல் மத்திய அரசு ஒரு சின்ன வேலை செய்தது. மனிதர்களுக்கான ஊசி மருந்து இனி 3 மில்லி குப்பியில்தான் வரவேண்டும் என்றது. மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசு உத்தரவு செல்லும் என்றது. இப்போது மாட்டுக்கு ஒரு வேளை ஊசி போட வேண்டுமானால், ஒன்றன் பின் ஒன்றாகப் பல குப்பிகளை உடைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மிஞ்சிய கழுகுகளில் பெரும்பகுதி நீலகிரிக்குக் கீழே, மாயாறு பள்ளத்தாக்கில் இருக்கின்றன. முதுமலைப் பக்கம் போனால் வானத்தைப் பாருங்கள்.